கரணமும் காமிராவும்: கல்யாணப் படத்தில் 'இயல்பு' நுழைந்த கதை

இன்றைக்குக் கல்யாணப் படத்துக்கு விலை பேசப் போகிறவர் இரண்டு சொற்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒன்று 'டிரெடிஷனல்', மற்றது 'கேண்டிட்'. முன்னதில் மணமக்கள் காமிராவைப் பார்ப்பார்கள், பின்னதில் பார்க்க மாட்டார்கள். அது சடங்குக்கு, இது மனசுக்கு என்று ஒரு புகைப்படக்காரர் எனக்கு விளக்கினார். விலையிலும் வித்தியாசம் உண்டு, மனசுக்குத்தான் அதிகம். மரபு/இயல்பு என்ற இந்த எதிர்வை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம்தான். அப்படி ஒதுக்கினால், இந்த 'இயல்பு' எப்போதிலிருந்து ஒரு மதிப்பாயிற்று, அது யாருக்கு வாய்க்கிறது, யாருக்கு வாய்ப்பதில்லை என்ற கேள்விகளும் சேர்ந்தே ஒதுங்கிப்போகும்.

புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். மறு ஆண்டு இங்கிலாந்து ராணி விக்டோரியாவுக்கும் ஆல்பர்ட்டுக்கும் கல்யாணம். அதை யாரும் படமெடுக்கவில்லை. 1854இல் ரோஜர் ஃபென்டன் அவர்களை அரசவை உடையில் எடுத்த படங்களையே பலர் இன்றும் அவர்களுடைய கல்யாணப் படம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எட்டுப் பிள்ளை பெற்ற பிறகு எடுத்த கல்யாணப் படம்! 1858 ஜனவரி 25இல் அவர்களின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது, பெற்றோரோடு மணப்பெண் நிற்கும் தகட்டுப்படம் ஒன்று எடுக்கப்பட்டது. அதில் ராணியின் உருவம் மட்டும் கலங்கியிருக்கிறது. தான் நடுங்கியதுதான் காரணம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். மகளைப் பிரியும் தாயின் நடுக்கத்தைவிட இயல்பான ஒன்று கல்யாண வீட்டில் உண்டா? ஆனால் அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தில் அது ஒரு பழுது. அசையாதவர்களே துலக்கமாக விழுந்தார்கள்.

சென்னையில் புகைப்படக் கழகம் 1856இலேயே ஏற்பட்டுவிட்டது. 1858இல் லினேயஸ் ட்ரைப் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். கோபுரங்கள் அசைவதில்லை, அவருக்குச் சிக்கல் இல்லை. மனிதர்கள், அதிலும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும், காமிரா முன் வந்து நிற்க இங்கே வெகுகாலம் பிடித்தது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பேச்சை என் பாட்டி தலைமுறை வரை கேட்கலாம். அந்தப் பாட்டியின் ஒரே கல்யாணப் படமும் கல்யாணத்தன்று எடுத்ததல்ல. நாலைந்து மாசம் கழித்து, கூறைப்புடவையை மறுபடி உடுத்திக்கொண்டு, மாட்டுவண்டியில் டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் எடுத்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டி நிற்கிறாள், ஒரு கை நாற்காலி முதுகில். பின்னால் திரைச்சீலையில் யாரும் பார்த்திராத ஒரு மாளிகையும் ஏரியும். இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. 'என்ன இப்படி வெறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க' என்று இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பழைய புகைப்படங்களில் மனிதர்கள் கணத்துக்கு வெளியே அல்ல, கணத்துக்குள்ளேயே வாழ்ந்து படத்துக்குள் வளர்ந்தார்கள் என்கிற பொருளில் வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதினார். பாட்டியின் படத்தைப் பார்க்கையில் எனக்கு அது சரி என்றே படுகிறது. வெறைப்பு என்று நாம் சொல்வது அவர்கள் காட்டிய கவனம்.

பியர் பூர்தியூ 1965இல் பிரான்சின் பேயார்ன் பகுதிக் குடியானவர்களை வைத்துச் செய்த ஆய்வில் இதை வேறு கோணத்தில் சொல்கிறார். அந்தக் கிராமங்களில் புகைப்படம் கல்யாணத்தின் வழியாகவே நுழைந்தது. மொய் போல, விருந்து போல, கொடுக்கல் வாங்கலின் ஒரு பகுதியாக. காமிராவை நேராகப் பார்த்து நிற்பது, பார்ப்பவருக்கு மரியாதை தருவதும் தன் மரியாதையைக் காத்துக்கொள்வதும் ஆகும். நம்மூருக்கு இது அப்படியே பொருந்துகிறது. நேராக நிற்பவர் தன் உருவத்தைத் தானே தருகிறார். பக்கவாட்டில், அறியாமல் பிடிக்கப்பட்டவரிடமிருந்து அது எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இங்கே தொல்காப்பியத்தைக் கொண்டுவருவது வாத்தியார் வேலை என்று தோன்றலாம், பரவாயில்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே பெரியவர்கள் கரணத்தை வகுத்தார்கள் என்கிறது கற்பியல். அதாவது கல்யாணச் சடங்கு என்பது அழகுக்காக வந்ததல்ல, 'நான் அவளை அறியேன்' என்று பின்னால் ஒருவன் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட சாட்சி ஏற்பாடு. கல்யாணப் படமும் தமிழகத்தில் கரணத்தின் நீட்சியாகத்தான் வேரூன்றியது என்பது என் வாதம். அது நினைவுப்பொருள் ஆனது பிற்பாடு.

படச்சுருளின் கணக்கையே பாருங்கள். 1960களிலும் 70களிலும் மண்டபத்துக்கு வந்த புகைப்படக்காரர் கையில் இரட்டைக் கண் காமிரா இருக்கும். அதில் போடும் 120 சுருளில் 12 சதுரப் படங்கள்தான் விழும். 1967இல் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் உற்பத்தி தொடங்கி 'இந்து' சுருள் வந்த பிறகும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிப்பார்கள். இரண்டு சுருள் என்றால் 24 படம். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, மெட்டி, அம்மி, தாரை வார்ப்பது என்று சடங்குக்கு அரைவாசி போகும். மீதி குரூப் போட்டோ. யார் நிற்பது, யார் பக்கத்தில் நிற்பது என்பதில் எத்தனை மனத்தாங்கல்! 'படம் எடுக்கறப்ப எங்களக் கூப்பிடல' என்று பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. கறுப்பு அட்டையில் மூலை ஒட்டிச் செருகி, நடுவே வெண்ணெய்த்தாள் போட்ட அந்த ஆல்பத்தில் மணமக்கள் இருவர் மட்டும் இருக்கும் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உறவுமுறையின் பதிவேடு அது. தம்பதி என்கிற தனி அலகு அதில் இன்னும் உருவாகவில்லை.

1980களில் வீடியோ வந்தது. 'சன் கன்' விளக்கின் வெளிச்சத்தில் மணப்பெண்ணின் முகப்பவுடர் வழிய, தாலிக்கயிற்றைப் பிடித்தபடியே மாப்பிள்ளை காத்து நின்றார். 'ஒரு நிமிஷம் சார், அப்படியே பிடிங்க' என்றது புதிய குரல். கெட்டிமேளத்துக்குக் கைகாட்டும் அதிகாரம் அதுவரை ஐயரிடம் இருந்தது, அன்றிலிருந்து அதில் காமிராக்காரருக்கும் பங்கு வந்தது. இதய வடிவத்துக்குள் மணமக்கள் சுழல்வது, சினிமாப் பாட்டுக்கு நடுவே ரோஜாப்பூவுக்குள்ளிருந்து மாமனார் முளைப்பது போன்ற 'மிக்சிங்' அற்புதங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அவற்றைக் கேலி செய்கிறவர்கள் அந்த ஆசையின் வெளிப்படைத்தன்மையைக் கவனிப்பதில்லை.

'கேண்டிட்' வேறொரு வம்சத்தைச் சேர்ந்தது. எரிக் சாலமன் என்ற ஜெர்மானிய வழக்கறிஞர் 1928 வாக்கில், குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் எர்மனாக்ஸ் காமிராவைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். பிறகு ராஜதந்திரிகளின் மாநாடுகளுக்குள் நுழைந்தார். கொட்டாவி விடும் மந்திரிகள், காதைக் கடிக்கும் தூதர்கள் என்று அதிகாரத்தை அது அறியாத கணத்தில் பிடித்தார். லண்டன் 'கிராஃபிக்' இதழ் அவர் படங்களுக்கு இட்ட பெயர்தான் 'கேண்டிட் காமிரா'. யூதரான அவரை 1944இல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். பத்திரிகைக்காரனின் இந்த ஒளிந்த கண்ணை 1980களில் டெனிஸ் ரெஜி போன்றவர்கள் அமெரிக்கக் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1996இல் ஜான் கென்னடியின் மகன் தன் மனைவியின் கையை முத்தமிடும் ரெஜியின் படம் உலகெங்கும் பரவியது. ஆக, அதிகாரத்தை வேவு பார்க்கப் பிறந்த ஒரு முறை, முன்பணம் கொடுத்துத் தன்னைத்தானே வேவு பார்க்கச் சொல்லும் ஏற்பாடாக மாறியது.

சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் இது பரவியதில் ஒரு கருவிக்குப் பங்குண்டு. 2008இல் வந்த கேனன் ஃபைவ் டி மார்க் டூ போன்ற காமிராக்கள் மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க இடம் கொடுத்தன. அதோடு 85 எம்.எம். லென்ஸ். அதன் திறப்பை அகல வைத்தால் மணப்பெண்ணின் கண்ணிமை துலக்கமாகவும், இரண்டடி பின்னால் நிற்கும் அத்தை வண்ணப் பொட்டாகவும் விழுவார்கள். இதைத் தொழில்நுட்பச் செய்தி என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. ஜாதகம் பார்த்து, சாதி பார்த்து, நகை பேசி, மண்டபம் பிடித்துக் கல்யாணத்தை நடத்திவைக்கும் சொந்தபந்தம் முழுவதும் படத்தில் கரைந்துபோகிறது. மிஞ்சுவது இருவர், ஒருவரை ஒருவர் தாமே கண்டுபிடித்துக்கொண்டதைப் போல.

சங்க மரபில் சொன்னால், கற்பில் நடக்கும் கல்யாணத்துக்குக் களவின் தோற்றம் பூசப்படுகிறது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மாமல்லபுரம் கடற்கரையிலும் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களிலும் எடுக்கும் 'பிரி-வெட்டிங்' படங்கள் இந்தப் போலிக் களவின் உச்சம். 'காமிராவைப் பார்க்காதீங்க மேடம், அவர்கிட்ட ஏதாவது சொல்லிக்கிட்டே நடங்க, சிரிங்க' என்பார்கள். காமிரா தன்னைப் பார்க்கிறது என்று உணர்ந்த மாத்திரத்தில் தான் இன்னொரு உடலைச் செய்துகொள்வதாக ரோலான் பார்த் 1980இல் எழுதினார். இங்கோ, உணராதது மாதிரி ஓர் உடலைச் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. அன்று 'தலையக் குனிஞ்சுக்கோம்மா' என்றார்கள், இன்று 'ஃபிரீயா சிரிங்க' என்கிறார்கள். இரண்டுமே உத்தரவுகள்தாம், பெரும்பாலும் பெண்ணுக்கு.

சும்மா சொல்லக்கூடாது, இதில் ஒரு லாபமும் உண்டு. பெரியவர்கள் பேசி முடித்த பல ஜோடிகளுக்கு, வீட்டார் இல்லாமல் ஒரு பகல் முழுக்கச் சேர்ந்திருக்க இந்தப் படப்பிடிப்பு ஒரு சாக்கு. கூட நாலு பேர் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாலும்தான். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் பந்தலும் மணலும் விளக்கும் உழுந்துக் களியும் ஊரறிய விரிகின்றன. புத்தாடைக்குள் ஒடுங்கிய பெண்ணின் முகம் விலகும் கணமோ கணவனின் நினைவில் மட்டும் கிடக்கிறது. அவன் அதைத் தோழிக்குச் சொல்கிறான், பெயர் சொல்லாமல். ஊருக்குரியது எது, இருவருக்குரியது எது என்ற அந்தக் கோட்டைக் கேண்டிட் அழித்துவிட்டது என்று புலம்ப நான் வரவில்லை. கோடு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறு. உண்மையில் களவில் தொடங்கி, சாதி மீறி, வீட்டை விட்டு வந்து கல்யாணம் செய்துகொள்பவர்களின் படங்களைப் பாருங்கள். 'காதல் ஜோடி போலீசில் தஞ்சம்' என்ற தலைப்பின் கீழ் நாளிதழ்களில் எத்தனை பார்த்திருப்போம்! கழுத்தில் மாலை, தாலியைப் புடவைக்கு வெளியே எடுத்துவிட்டு, இருவரும் நேராகக் காமிராவைப் பார்த்து வெறைத்து நிற்கிறார்கள். என் பாட்டி நின்ற மாதிரியே. அவர்களுக்குத் தேவை கரணம். அந்தப் படத்தைக் காவல் நிலையத்தில் காட்ட வேண்டும், நீதிமன்றத்தில் காட்ட வேண்டும், 'கடத்திவிட்டான்' என்கிற புகாருக்குப் பதிலாகக் காட்ட வேண்டும். சிரித்தபடி வேறெங்கோ பார்க்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. யாரும் கேள்வி கேட்காத கல்யாணத்துக்கே 'இயல்பாக' இருக்கும் சலுகை வாய்க்கிறது. இந்தத் தமிழகத்தில் காதலின் பாவனை சாதிக்குள் நடக்கும் கல்யாணத்துக்கும், சாட்சியின் இறுக்கம் காதலுக்கும் என்று பங்கு பிரிந்திருக்கிறது. 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் சங்கரும் கௌசல்யாவும் கடைத்தெருவில் நடந்துவந்ததைக் கண்காணிப்புக் காமிரா பதிவு செய்தது. அவர்கள் காமிராவைப் பார்க்கவில்லை. தமிழ்நாடு முழுக்கப் பார்த்த, அறியாமல் எடுக்கப்பட்ட ஒரு தம்பதியின் படம் அதுதான்.

சட்டமும் இந்தச் சாட்சிப் பிரச்சினையோடு மல்லுக்கட்டிவந்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்தை ஏற்ற 7-ஏ பிரிவின்படி உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால், தாலி கட்டினால் போதும். ஐயர் வேண்டாம். ஆனால் வழக்கறிஞர் அறைகளில் ரகசியமாக நடக்கும் கல்யாணங்கள் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பவர்களை ஊரறியக் கல்யாணம் செய் என்று வற்புறுத்த முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பந்தல் இல்லாமல் போகலாம். படம் இல்லாமல் முடிவதில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு, தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களை எண்மப்படுத்தியிருக்கிறது. பாட்டியைப் போன்றவர்கள் அங்கே பத்திரம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் கைப்பேசியில் எடுத்த ஜோடிப் படங்கள் ஆட்கொணர்வு மனுக்களின் கட்டுகளில் இருக்கின்றன. வெள்ளைத்தாளில் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து, மூலையில் இணைப்பு எண் எழுதி.