ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் லென்ஸ் ஒப்பீட்டின் வரலாறும்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பது, படமெடுக்கப்படும் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கேமராவுக்குள்ளேயே அளந்து, அதற்கேற்ப லென்ஸைக் குவியப்படுத்த உதவும் கேமரா வகையாகும். இவ்வகைக் கேமராவின் ஆர்வலர்கள் லென்ஸ்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டும், அவற்றால் எடுத்த படங்களைப் பகிர்ந்து விவாதித்தும் வருகின்றனர். 1950ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த அத்தகைய ஓர் ஒப்பீடு, ஜப்பானிய லென்ஸ்களைப் பற்றிய உலகின் கருத்தை மாற்றத் தொடங்கியது.

இயங்கும் முறை

கேமராவின் முன்பக்கத்தில் சற்று இடைவெளி விட்டு இரண்டு சிறு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியாக நேரடிக் காட்சியும், மற்றொன்றின் வழியாக எதிரொளிக்கப்பட்ட காட்சியும் கண்ணுக்கு வந்து சேரும். முதலில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவங்களும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் குவியம் சரி என்று பொருள். பள்ளியில் கோபுரத்தின் உயரம் காணப் பயன்படும் முக்கோணக் கணக்குதான் இங்கும் வேலை செய்கிறது. சாளரங்களுக்கு இடையிலான தூரம் அந்த முக்கோணத்தின் அடிப்பக்கம். அது நீளமாக இருந்தால் அளவும் துல்லியமாக இருக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. படம் எடுப்பவர் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. தனிச் சாளரத்தின் வழியாகவே பார்க்கிறார். பின்னணி எவ்வளவு மங்கும், ஓரங்கள் கூர்மையாக விழுமா, எதிர்வெயிலில் படம் வெளிறுமா என்பவை எதுவும் அவருக்குத் தெரியாது. லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்து முழுச் சுருளையும் வீணாக்கியவர்கள்கூட உண்டு. எனவே ஒரு லென்ஸின் குணத்தை அறிய வேண்டுமானால், ஃபிலிமைக் கழுவி, அச்சிட்டு, மற்றொரு லென்ஸின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒப்பீடு என்பது இக்கேமராக்காரர்களுக்குப் பொழுதுபோக்காவதற்கு முன்பே தேவையாக இருந்தது.

லைக்காவும் கான்டாக்ஸும்

ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா கேமராவை, ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரைச் சேர்ந்த லைட்ஸ் நிறுவனம் 1925இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932இல் வெளியான இரண்டாம் லைக்காவில் வந்தது. அதே ஆண்டு ஜைஸ் ஐகான் நிறுவனம் கான்டாக்ஸ் கேமராவை வெளியிட்டது. உடனே ஆர்வலர்கள் இரு கட்சிகளாயினர்.

கான்டாக்ஸின் பலம் அதன் சோனார் லென்ஸ்கள். லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த 50 மி.மீ. எஃப்/1.5 சோனாரில் ஏழு கண்ணாடிகள் மூன்றே தொகுதிகளாக ஒட்டப்பட்டிருந்தன. எனவே காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு மட்டுமே. லைட்ஸின் 50 மி.மீ. எஃப்/2 சும்மார் லென்ஸிலோ எட்டுப் பரப்புகள். பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய நான்கு முதல் ஐந்து விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த ஒளி உள்ளுக்குள் அலைந்து படத்தின் மேல் மெல்லிய திரைபோல் படியும். சோனார் படங்களில் கறுப்பு கறுப்பாக இருந்ததற்கு இதுவே காரணம். பிரதிபலிப்பைக் குறைக்கும் மேற்பூச்சை ஜைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் உருவாக்கினார். ஆனால் அது பரவலாவதற்குள் போர் வந்துவிட்டது.

டோக்கியோ, 1950

நிப்பான் கோகாகு நிறுவனம் 1917இல் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் நிக்கான் என்று பெயர் பெற்றது இதுவே. போர்க்காலத்தில் இராணுவத்துக்கான ஒளியியல் கருவிகளைச் செய்த இந்நிறுவனம், தோல்விக்குப் பின் பிழைக்க வழி தேடியது. 1948இல் முதல் நிக்கான் கேமரா வந்தது. வெளித்தோற்றத்தில் அது கான்டாக்ஸை ஒத்திருந்தது. ஜப்பானியப் பொருள் என்றாலே மலிவான போலி என்று மேற்கில் பலர் எண்ணிய காலம் அது.

1950 ஜூனில் அமெரிக்காவின் லைஃப் இதழின் ஒளிப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் ஜுன் மிகி, 85 மி.மீ. எஃப்/2 நிக்கார் லென்ஸால் டங்கனைப் படமெடுத்தார். டங்கன் அந்த லென்ஸைப் பெரிதாக மதிக்கவில்லை. பெரிதாக அச்சிட்டு மிகி கொண்டுவந்து காட்டியபோது அவர் எண்ணம் மாறியது. பின்பு, சக ஒளிப்படக் கலைஞர் ஹோரேஸ் பிரிஸ்டலுடன் நிப்பான் கோகாகு தொழிற்சாலைக்கே சென்றார். தலைவர் மசாவோ நாகாவோகா அவர்களை வரவேற்றார். தாங்கள் பயன்படுத்திய ஜெர்மன் லென்ஸ்களையும் நிக்கார்களையும் சோதனைக் கருவியில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, நிக்காரே மேல் என்ற முடிவுக்கு வந்தனர். லைக்காவின் 39 மி.மீ. திருகுப் பொருத்தத்திலும் நிக்கார்கள் கிடைத்ததால், டங்கன் கேமராவை மாற்ற வேண்டியிருக்கவில்லை. லென்ஸை மட்டும் மாற்றினார்.

ஜூன் 25 அன்று கொரியப் போர் தொடங்கியது. டங்கன் அந்த லென்ஸ்களுடன் போர்முனைக்குச் சென்றார். அவ்வாண்டின் கடுங்குளிரில் பின்வாங்கிய அமெரிக்க மரைன் வீரர்களின் களைத்த முகங்களை அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1951இல் திஸ் இஸ் வார்! என்ற நூலாகவும் அவரது கொரியப் படங்கள் வெளிவந்தன. 1950 டிசம்பர் 10 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஜேக்கப் டெஷின் இந்த ஜப்பானிய கேமராவையும் லென்ஸ்களையும் பற்றி எழுதினார். அறியப்படாத ஒரு பெயர் சில மாதங்களில் தொழில்முறைக் கலைஞர்களின் வாயில் புழங்கத் தொடங்கியது.

அந்த ஒப்பீடு நியாயமானதா?

இதை ஜெர்மனியை ஜப்பான் வென்ற கதையாக மட்டும் சொல்வது அரை உண்மை. மிகி பயன்படுத்திய 85 மி.மீ. நிக்கார், பெர்ட்டெலேயின் சோனார் அமைப்பைப் பின்பற்றியது. போருக்குப் பிந்தைய நிக்கார்களில் மேற்பூச்சும் இருந்தது. லென்ஸின் முகப்பில் இருந்த 'சி' என்ற எழுத்து அதைக் குறித்தது. அன்று புழக்கத்தில் இருந்த ஜெர்மன் லென்ஸ்களில் பல, பூச்சில்லாத போருக்கு முந்தைய லென்ஸ்கள். வடிவமைப்புக்குச் சமமாகப் பூச்சுக்கும் அந்த வெற்றியில் பங்கு இருந்திருக்க வேண்டும். ஆயினும், பெயரைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து முடிவு செய்த டங்கனின் நேர்மை குறைந்துவிடாது.

ஒப்பிடுவோர் இன்றும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. கேமராவின் தொலைவு அளவு சிறிது பிசகியிருந்தாலும் படம் மங்கும். பழி லென்ஸின் மேல் விழும். சோனார் அமைப்பிலோ, துளையைச் சிறிதாக்கும்போது குவியத்தளமே சற்றுப் பின்னால் நகர்கிறது. ஒரே தொலைவில் எஃப்/1.5இல் கூர்மையாக வந்த கண், எஃப்/2.8இல் மங்கி, காது கூர்மையாக வரலாம். முக்காலி, ஒரே துளை அளவு, ஒரே ஃபிலிம், ஒரே ஒளி ஆகியவை இல்லாமல் நடத்தும் ஒப்பீட்டைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

பிற்காலம்

லைட்ஸ் 1954இல் எம்3 கேமராவை வெளியிட்டது. நிக்கான் 1959இல் எஃப் என்ற ரிஃப்ளெக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தது. இதில் லென்ஸ் காட்டும் காட்சியையே கண்ணும் பார்த்ததால், தொழில்முறைக் கலைஞர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் நகர்ந்தனர். ரேஞ்ச்ஃபைண்டர் சிலரின் பற்றாக நின்றது.

1999இல் ஜப்பானின் கொசினா நிறுவனம் ஃபோக்ட்லாண்டர் என்ற பழைய ஜெர்மன் பெயரில் திருகுப் பொருத்த லென்ஸ்களை வெளியிட்டபோது ஆர்வம் மீண்டும் துளிர்த்தது. பின்னர் கண்ணாடியில்லா டிஜிட்டல் கேமராக்கள் வந்தன. இவற்றில் அடாப்டர் வளையம் ஒன்றைப் பூட்டி, 1930-களின் லென்ஸையும் சோவியத் நாட்டில் சோனாரைப் பின்பற்றிச் செய்யப்பட்ட ஜூபிட்டர் லென்ஸையும் ஒரே உணரியில் ஒப்பிட முடிகிறது. ஜூபிட்டர்களில் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை என்பது ஆர்வலர்களின் பொதுவான அனுபவம்.

ஜைஸ் நிறுவனமும் 2000-களில் 50 மி.மீ. எஃப்/1.5 சோனாரை லைக்கா எம் பொருத்தத்தில் மீண்டும் கொண்டுவந்தது. குவியம் நகரும் பழைய குணம் அதிலும் உண்டு. அது செய்யப்பட்ட இடம் ஜப்பான்.