கழிவு வெப்பமும் கைத்திறனும்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் வரலாறாகவும், காப்புரிமை பெற்றோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கைகளுக்கு அதில் ஒரு பக்கமேனும் ஒதுக்கப்படுவது அரிது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் ஐந்தாண்டுக் காலம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கராஜ்களில் நடைபெற்ற வேலையை நோக்குமிடத்து, அவ்வாறு விடுபட்டுப்போன பக்கங்களுள் ஒன்று நம் கண்முன் விரிகின்றது.

இன்று உலகெங்கும் மோட்டார் வண்டியில் மோகங் கொண்ட இளைஞர் பலர், குறைந்த செலவில் தம் கார்களுக்குத் தாமே டர்போசார்ஜர் பொருத்திக்கொள்கின்றனர். அதன் தத்துவம் எளிது. எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாகின்றது. அப்புகையின் பாதையில் ஒரு சிறு சுழலியை வைத்தால், அது நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலாகவும் சுழலும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகுதியாக எரியலாம், வலுவும் பெருகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பயணிகள் காருக்கு இது வந்து சேர்ந்தது 1962இல், அமெரிக்காவில்.

பழைய டீசல் வானொன்றிலிருந்து கழற்றிய சுழலி, ஒட்டி எடுத்த குழாய்கள், அச்சுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் ஆகியவற்றோடு சிக்கன வேலை தொடங்கிவிடும். ஆனால் அமுக்கம் மிகுந்தால் கலவை தீச்சுவாலை வந்தடையுமுன் தானே வெடித்து எஞ்சின் ‘தட்ட’த் தொடங்கும், பிஸ்ரன் உருகவுங் கூடும். ஆகவே அமுக்கத்தை அளவோடு நிறுத்துவதே இத்தொழிலின் முதற்பாடம்.

இப்பாடத்தை யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் வேறொரு தேவையின் பொருட்டுக் கற்றனர். அவர்கள் வேண்டியது மேலதிக வலு அன்று. வண்டி நகர்வதே வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சீமெந்து முதலிய பொருள்கள் தடைசெய்யப்பட்டன. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும், தோட்டத்து விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றவும் எஞ்சியது மண்ணெண்ணெய் ஒன்றே. அதுவும் மட்டுப்படுத்தப்பட்டே வந்தது, விலையோ பன்மடங்கு.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று, குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நின்றுவிடும். எனவே சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அதன்பின் அதனை ஆவியாக்குவது எஞ்சினின் சூடே. டர்போசார்ஜர் புகையின் வேகத்தையும் வெப்பத்தையும் வலுவாக மாற்றுகின்றது. இங்கோ, வீணாகும் அவ்வெப்பம் தகாத எண்ணெயைத் தகுந்ததாக்கப் பயன்பட்டது. கழிவிலிருந்து பயன் பெறுதல் என்னும் தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே.

இவ்வேலைக்குப் புதிய ஜப்பானியக் கார்களைவிட ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய ஆங்கிலக் கார்களே ஏற்றவையாயின. 1950களின் முற்பகுதியில் வந்த ஒஸ்ரின் ஏ40 சோமசெற் எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழு மடங்கை அண்டியது. எளிதில் ‘தட்டும்’ மண்ணெண்ணெய்க்கு அக்குறைந்த அமுக்கம் பொருந்தியது. ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் போன்றவற்றின் எஞ்சின்களில் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளிச்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்கும். உட்செல்வதை வெளிச்செல்வது சூடாக்கும்.

அக்கார்கள் நாற்பதாண்டு கழிந்தும் ஓடியது தற்செயலன்று. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும், 1970 முதல் 1977 வரையிலான கடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் புதுக் கார்களையும் உதிரிப்பாகங்களையும் அரிதாக்கின. கிடைக்காத பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் தாமே கடைந்தெடுக்கும் தலைமுறையொன்று அப்பஞ்சத்தில் உருவாயிற்று. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தபின் பழசென்று எள்ளப்பட்ட அறிவே, 1990இல் மக்களைச் சுமந்தது.

உலகுக்கு இது புதிதன்று. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் போட்சன் உழவு இயந்திரங்கள் பல நாடுகளின் வயல்களை உழுதவை. இரண்டாம் உலகப் போரில் சென்னை மாகாணத்து வீதிகளில் கரி வாயு பஸ்கள் ஓடின. ஆயினும் அவற்றின் பின்னால் தொழிற்சாலைகளும் அரசுகளும் நின்றன. யாழ்ப்பாணத்து மெக்கானிக்கின் பின்னால் நின்றது, தான் கற்ற தொழிலும் வீதியில் காத்திருந்த நோயாளியுமே. சைக்கிள் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலி கேட்டதும், ஜாம் போத்தலில் பஞ்சிட்டுச் சிறிது மண்ணெண்ணெயில் விளக்கெரித்ததும் இதே அறிவின் கிளைகளாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இந்தச் சாதுரியத்தைப் புகழும்போது, அதனை வேண்டியதாக்கிய தடையை மன்னித்துவிடும் மயக்கம் நம்மிடையே உண்டு. ‘பஞ்சம் எமது மூளையைத் தீட்டியது’ என்று பெருமை பேசுவது எளிது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்ததும், பெயறிங்குகள் தேய்ந்ததும், தொண்டையைப் பிடிக்கும் புகையைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சுவாசித்ததும் அப்பெருமையின் கணக்கில் ஏறுவதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் பெயர்ந்தபோது, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் மழையில் கடந்த மக்களிற் பெரும்பாலோர் கால்நடையாகவே சென்றனர். எந்தக் கைத்திறனும் அவ்விரவுக்கு ஈடுசெய்யவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தது. மண்ணெண்ணெய்க் கார்கள் மறைந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோதும், 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றபோதும், வடக்கின் முப்பதாண்டுப் பழைய அனுபவம் தென்னிலங்கைக்கும் ஒருவாறு புலனாயிற்று. ஆனால் அவ்வனுபவத்தின் தொழில்நுட்பம் எழுத்தில் இருந்ததா? பெரும்பாலும் அது முதிய மெக்கானிக்குகளின் நினைவிலேயே தங்கியிருக்கின்றது.

சுழலி பொருத்தி வேகங் கூட்ட விழையும் இளைஞனை நாம் பழிப்பதற்கில்லை. இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் துணிவு நல்லது. அவன் தன் ஊரின் கராஜ் ஒன்றுக்குச் சென்று, அங்கிருக்கும் முதியவரை ‘ஐயா, அக்காலத்தில் எப்படி ஓட்டினீர்கள்?’ என்று கேட்டு, அவர் சொல்வதைக் குழாயின் அளவோடும் அமைப்போடும் எழுதிவைக்க வேண்டும். அப்போது உழைப்பாளரின் அறிவும் வரலாறாகும். அவ்வறிவு மீண்டும் தேவைப்படாத நாட்டை ஆக்குவதோ நம் அனைவரின் கடமையாகும்.