கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியும் இறங்காத கவளமும்

ஹைதர் அலியுடனான போரில் கர்நாடகச் சீமை பாழானபோது, பசியால் துரத்தப்பட்ட கிராம மக்கள் சென்னைப் பட்டணத்தை நோக்கி வந்தார்கள். 1782இல் அவர்களுக்காகப் பட்டணத்தின் வடபக்கம் கஞ்சி ஊற்றும் சாவடி ஒன்று எழுந்தது. அதுவே மணியக்காரர் சத்திரம். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் அண்டர்வுட் 1799இல் அங்கே ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். பின்னர் ராயபுரம் மருத்துவப் பள்ளியும் அதைச் சார்ந்து வளர்ந்தது. 1938இல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. ஆனாலும் ராயபுரத்துக்காரர்களுக்கு அது நெடுங்காலம் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’யாகவே இருந்தது.

உணவு கிடைக்காதவரின் துயரத்தை அந்தச் சாவடி அறிந்திருந்தது. நடுக்குவாதத்தால் உணவு வாய்க்குள் இருந்தும் இறங்காதவரின் துயரம் மருத்துவ நூல்களில் இடம்பெற, சாவடி எழுந்து 35 ஆண்டுகள் ஆயின. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் நடுக்குவாதம் (பார்கின்சன் நோய்) பற்றிய தம் சிறுநூலில் ஆறு பேரை விவரித்தார். நோய் முற்றியவர்கள் மெல்லவும் விழுங்கவும் படும் பாட்டையும், வாயோரம் எச்சில் வழிவதையும் அவர் குறித்திருக்கிறார். எச்சில் அதிகம் சுரப்பதால் அது வழிவதில்லை. நம்மை அறியாமல் நாள் முழுதும் விழுங்கிக்கொண்டிருக்கும் வழக்கம் இந்நோயில் குறைந்துபோவதே காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் மருத்துவர்கள் பெல்லடோனா இனத் தாவரச் சாற்றைக் கொடுத்து வழியும் எச்சிலைக் குறைத்தார்கள். வாய் வறண்டதும் கவளம் தொண்டையில் இன்னும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த திருப்பத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது நடுக்குவாதத்துக்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. நோயாளிகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்திருப்பது 1960இல் வியன்னாவில் தெரியவந்தது. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவைச் சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டிக் கொடுத்தால் உடல் தாங்கும், நோயும் தணியும் என்று அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்ஸியாஸ் 1967இல் காட்டினார். அதற்கு முன்பே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் அவருடைய சகாக்களும் மூளையின் ஆழத்தில் சிறு புள்ளியைச் சிதைக்கும் அறுவை சிகிச்சையைச் செய்துவந்தார்கள். அது கைநடுக்கத்தை அடக்கியது. மூளையின் இரு பக்கமும் செய்தால் பேச்சும் விழுங்கலும் கெடக்கூடும் என்பது உலகெங்கும் அந்த சிகிச்சையோடு வந்த கவலை.

லெவோடோபா மாத்திரையால் கை கால் இளகிய அளவுக்குத் தொண்டை இளகவில்லை. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத உண்மை இதுதான். விழுங்கும் தசைகளை இயக்குவதில் டோபமினைச் சாராத நரம்புப் பாதைகளுக்கும் பங்கிருப்பதால், பலருக்கு லெவோடோபா ஓரளவே உதவுகிறது. சிலருக்குப் புரையேறும்போது இருமல்கூட வருவதில்லை. சோற்றுப் பருக்கை சத்தமின்றி மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகிறது. நோய் முற்றியவர்களின் இறப்புக்கு அதுவே முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அதனால் வைத்தியம் தொண்டையை நேரடியாகப் பார்க்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் ஜெரி லோகமன், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்க்கும் முறையை வளர்த்தார். 1983இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கு அடித்தளமானது. மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது, சிறு கவளம், ஒரு கவளத்துக்கு இருமுறை விழுங்குவது போன்ற பயிற்சிகள் இவ்வழியே பரவின. எதிர்ப்புத் தரும் கருவிக்குள் வேகமாக ஊதி மூச்சை வெளிவிடும் தசைகளை வலுப்படுத்துவதும் பயன்தருவதாக 2010இல் 60 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது.

தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பது பற்றிய கதை சிக்கலானது. பார்கின்சன் நோயோ மறதிநோயோ உள்ள 711 பேரிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில், தேன் பதத்துக்குக் கெட்டியான பானமே மிகக் குறைவாக மூச்சுக்குழாயில் இறங்கியது. அவர்களுள் 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்து பார்த்ததில், நிமோனியா வருவது மோவாயைத் தாழ்த்திக் குடித்தவர்களைவிடத் தெளிவாகக் குறையவில்லை. கெட்டிப் பானம் குடித்தவர்களுக்கு நீரிழப்பும் காய்ச்சலும் சற்றுக் கூடுதலாகவே வந்தன. சித்திரை வெயிலில் எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ இருக்கும் ஒரு முதியவருக்கு இதை எடுத்த எடுப்பில் பரிந்துரைப்பது சரியாகாது.

வீட்டுக் கஞ்சியும் எல்லாருக்கும் பாதுகாப்பானதன்று. பருக்கை மிதக்கும் கஞ்சியில் நீர் முந்திக்கொண்டு ஓடும், பருக்கை பின்தங்கும். ஒரே வாயில் இரண்டு வேகத்தைத் தளர்ந்த தொண்டையால் சமாளிக்க முடியாது. நொய் சேர்த்த கேழ்வரகுக் கூழுக்கும் ரசம் சாதத்துக்கும் இதே சிக்கல் உண்டு. கட்டியில்லாமல் கடைந்து வடிகட்டிய கூழ் மேலானது. ஆனால் மாவுச்சத்தால் வந்த கெட்டித்தன்மை எச்சில் பட்டதும் இளகிவிடும். ஆகவே கிண்ணத்தில் இருந்த பதம் தொண்டையில் இருக்காது.

நேரமும் முக்கியம். மாத்திரை வேலை செய்யும் வேளையில் நிமிர்ந்து உட்கார்ந்து உண்பது நல்லது. புரதம் லெவோடோபாவோடு போட்டியிட்டு அது உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், மீன்குழம்பு தவறாத காசிமேட்டு வீடுகளில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே மாத்திரை போடுவது பலன் தரும். மீனை ஒதுக்க வேண்டியதில்லை. முள் நீக்கி, குழம்பில் மசித்தால் போதும்.

எதுவும் கைகொடுக்காதபோது வயிற்றுச் சுவர் வழியே இரைப்பைக்குக் குழாய் பொருத்துகிறார்கள். எண்டோஸ்கோப்பி வழியாக இதைச் செய்யும் முறை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தது. குழாய் இருந்தாலும் எச்சிலும் இரைப்பையிலிருந்து மேலேறும் உணவும் மூச்சுக்குழாயில் இறங்கலாம். எனவே தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைப்பதும், நாள்தோறும் பல்லையும் நாக்கையும் துலக்கிவிடுவதும் அதன் பிறகும் தொடர்கின்றன.