தர்மம் என்ற சொல்லுக்கு நீதிமன்றம் சொன்ன பொருள்

ஜார்ஜ்டவுன் லைட் சாலையில் உள்ள நீதிமன்றத்துக்கு முதன்முறையாகப் போகும் தமிழர் ஒருவர், அங்கே ஒலிக்கும் மலாய்ச் சொற்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் வியந்துதான் போவார். நம் சாட்சி அங்கே 'சாக்சி'. விசாரணை 'பிச்சாரா'. தண்டம் 'டெண்டா'. மூன்றும் வடமொழியிலிருந்து இரு மொழிகளுக்கும் வந்து சேர்ந்தவை. ஜாமீனும் வாரிசும் அரபு மூலம் கொண்டவை. மலாயில் 'ஜாமின்', 'வாரிஸ்' என்று அப்படியே இருக்கின்றன.

ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. வக்கீல் வேண்டும் என்று மலாயில் 'வக்கில்' கேட்டால் யாருக்கும் புரியாது. அங்கே வக்கில் என்றால் பிரதிநிதி. சட்டமன்ற உறுப்பினர்தான் 'வக்கில் ரக்யாட்'. வழக்கறிஞர் 'பெகுவாம்'. ஜாமீனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "ஜாமீன் கட்டியாச்சு" என்று நம்மவர்கள் பணத்தைச் சொல்கிறார்கள். மூல அரபுச் சொல்லோ பணத்தைக் குறிப்பதில்லை, பொறுப்பேற்கும் ஆளைக் குறிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவானால் கையொப்பமிட்ட அந்த ஆள்தான் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நண்பனுக்காக முகதாட்சண்யத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் ஒரு பொருள், நீதிமன்றத்தில் வேறொரு பொருள் என்ற இந்தச் சங்கடம் பினாங்குக்குப் பழையது. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கைப்பற்றிய பிறகு இருபது ஆண்டுகளுக்கு ஒழுங்கான சட்டம் என்று இங்கே எதுவும் இல்லை. அந்தந்தச் சமூகத்தின் தலைவரான கப்பித்தான்தான் சில்லறைத் தகராறுகளைத் தீர்த்து வைத்தார். தமிழ் முஸ்லிம்களுக்குக் கப்பித்தான் கெலிங் இருந்தார். அந்தப் பட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ('கெலிங்' என்ற சொல் பின்னாளில் நம்மவர்களைப் புண்படுத்தும் சொல்லானது வேறு கதை.)

1807 மார்ச் 25ஆம் தேதி பிரிட்டிஷ் அரசர் வழங்கிய நீதிச் சாசனம் இந்த நிலையை மாற்றியது. மறு ஆண்டே நீதிமன்றம் திறக்கப்பட்டது. கவர்னரும் ஆலோசனைக் குழு உறுப்பினர்களும் அதில் அமர்ந்தனர்; சட்டம் படித்த நீதிபதியாக சர் எட்மண்ட் ஸ்டான்லி வந்தார். அதன்பின் ஆங்கிலச் சட்டமே இம்மண்ணின் சட்டம் என்றாயிற்று. மக்களின் சமயமும் பழக்கவழக்கமும் இடம் தரும் அளவுக்கே அச்சட்டம் பொருந்தும் என்று சாசனம் சொன்னது உண்மைதான். அந்த அளவு எதுவரை என்பதில்தான் வழக்கே வந்தது.

1871இல் வந்த 'ஃபாத்திமா எதிர் லோகன்' வழக்கைப் பாருங்கள். பினாங்கில் மறைந்த ஒரு முஸ்லிமின் உயில் பற்றிய வழக்கு அது. இஸ்லாமிய முறைப்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் எழுதி வைக்க முடியாது, மீதி வாரிசுகளுக்கு. ஆனால் உயில் செல்லுமா என்பதை ஆங்கிலச் சட்டமே முடிவு செய்யும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரிசு என்ற சொல் மார்க்கத்தில் தரும் உரிமையை நீதிமன்ற வாசலிலேயே விட்டுவிட வேண்டியதாயிற்று.

அதைவிட மனத்தைத் தைப்பது ஓ இயோ நியோ என்ற சீன மாதின் உயில். தமக்கும் மறைந்த கணவருக்கும் சடங்குகள் நடத்த ஒரு வீட்டையும், குடும்ப இடுகாட்டுக்காக இரண்டு தோட்டங்களையும் விற்காமல் காக்கும்படி எழுதி வைத்தார் அந்த அம்மையார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பொதுமக்களுக்குப் பயன் தருவது மட்டுமே சட்டத்தின் கண்ணில் தர்மம். ஒரு குடும்பத்தின் பிதுர்க்கடன் அந்த வகையில் சேராது என்று 1875இல் தீர்ப்பு வந்தது. தர்மம் இல்லை என்றானதும் இன்னொரு விதி குறுக்கே வந்து நின்றது. தனியார் சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போட ஆங்கிலச் சட்டம் இடம் தராது. ஆகவே அந்த ஏற்பாடு செல்லாமல் போனது. கந்தூரி நடத்தச் சொத்து எழுதி வைத்த முஸ்லிம்களின் அறக்கட்டளைகளும் இதே விதியால் அடிபட்டன. அவர்களுக்கெல்லாம் அதுவே தலையாய தர்மம். கறுப்பு அங்கி அணிந்தவர்களின் அகராதியில் அதற்கு இடம் இருக்கவில்லை.

1905இல் முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென்று அரசு ஒரு சட்டம் இயற்றியது. நிர்வாகம் கெட்டுப்போன பள்ளிவாசல், கோயில் சொத்துகளை மேற்பார்வையிட அடுத்த ஆண்டு வாரியமும் அமைந்தது. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியம் அதன் வழி வந்ததுதான். அதன் மலாய்ப் பெயர் 'லெம்பாகா வக்காஃப் ஹிண்டு'. இஸ்லாமிய அறக்கொடையைக் குறிக்கும் வக்ஃபு என்ற அரபுச் சொல்லே இந்துக் கோயில் சொத்துக்கும் பெயராகி நிற்கிறது! முஸ்லிம்களின் வக்ஃபும் வாரிசுரிமையும் இன்று இஸ்லாமியச் சட்டப்படி நடக்கின்றன.

1990இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்ற மொழி தேசிய மொழியானது. ஆங்கிலத்துக்கு வரம்புக்குட்பட்ட இடம் உண்டு. ஆனால் முஸ்லிம் அல்லாதார் எழுதும் உயிலுக்கான 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆங்கிலச் சட்டத்தின் பழைய வாசனை மாறவில்லை. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். சாட்சி என்றதும் நம் வீடுகளில் மூத்த மகனைத்தான் கூப்பிடுவார்கள். மருமகளும் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவாள். அங்கேதான் ஆபத்து. சாட்சிக் கையொப்பம் இட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் எழுதப்பட்ட பங்கு செல்லாது. உயில் நிற்கும், மற்றவர்களுக்குரியது போய்ச் சேரும். அம்மா ஆசையாய் எழுதிய வீடு மட்டும் அந்த மகனுக்கு அந்த உயிலால் கிடைக்காது.