செப்டம்பர் 22: இரு உலக மகா யுத்தங்களில்

கிரிகோரிய நாட்காட்டியின்படி சாதாரண வருஷத்தில் 265-ஆவது நாளாக வருகின்ற செப்டம்பர் 22, இருபதாம் நூற்றாண்டின் இரு மகா யுத்தங்களிலும் கடற்போர், நகரங்களின் சரணாகதி, ராஜதந்திர உடன்படிக்கை எனப் பலவகைச் சம்பவங்களுக்கு உரிய தேதியாக அமைந்தது. அவற்றுள் முதன்மையானவை 1914-ஆம் ஆண்டுக்குரியவை. வட கடலிலும், வங்காள விரிகுடாவிலும், பசிபிக் சமுத்திரத்திலும், ஒருவர் செயல் மற்றவருக்குத் தெரியாமலே, ஏறத்தாழ அரை நாள் கால அளவிற்குள் ஜெர்மன் கடற்படையினர் நடத்திய மூன்று தாக்குதல்கள், யுத்தகளத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறோம் என்பதையே தமக்குக் காவலாகக் கருதியிருந்த ஊர்களின் நம்பிக்கையை அன்றோடு குலைத்துவிட்டன.

அன்று அதிகாலையில், ஹாலந்து நாட்டுக் கரைக்கு அப்பால், அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர் கப்பல்கள் மந்தகதியில் காவல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் எடையுள்ள பழைய கப்பல். மாலுமிகளிற் பெரும்பாலோர் குடும்பத்தை விட்டு அவசரமாக அழைக்கப்பட்ட ரிசர்வ் படையினர். அவர்களோடு டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியிலிருந்து நேரே அனுப்பப்பட்ட, மீசை அரும்பாத பிள்ளைகளும் இருந்தனர். இக்கப்பல்களை அவ்விடத்தில் நிறுத்துவது ஆபத்து என்று கடற்படை அதிகாரிகள் சிலர் எச்சரித்திருந்தார்கள். கடற்படை மந்திரியாயிருந்த சர்ச்சிலே அதற்கு நான்கு நாட்களுக்கு முன் அக்காவலைக் கைவிட வேண்டுமென்று குறிப்பு எழுதியிருந்தார். எனினும் உத்தரவு மாறவில்லை. புயலின் காரணமாகத் துணைக்கு வரவேண்டிய டிஸ்டிராயர்கள் திரும்பிப் போயிருந்தன. ஆறு மணி இருபது நிமிஷ அளவில், ஒட்டோ வெட்டிகன் என்பவரின் தலைமையில் முப்பது பேர் அளவிலான மாலுமிகளோடு வந்த யூ-9 என்ற நீர்மூழ்கிக் கப்பல் எய்த டார்ப்பீடோ அபூகிரைத் தாக்கிற்று.

அபூகிரின் தளபதி டிரம்மண்ட், கப்பல் கண்ணிவெடியில் சிக்கியதாக எண்ணி, மற்ற இரு கப்பல்களையும் உதவிக்கு அருகே அழைத்தார். நீரில் தத்தளிக்கும் தோழர்களைக் கண்டபின் விலகிப் போக எவருக்கு மனம் வரும்? ஹோக் கப்பல் நின்று படகுகளை இறக்கிற்று, அதுவும் தாக்கப்பட்டது. மூன்றாவதான கிரெஸ்ஸியும் மீட்புப்பணியில் ஈடுபட்டு அதே கதியை அடைந்தது. அபூகிரிலிருந்த பதினைந்து வயது மிட்ஷிப்மன் ஒருவன், தன் கப்பல் மூழ்கியதும் நீந்திச் சென்று ஹோக்கில் ஏறப் போகும் தருணத்தில் அது அடிபட, அங்கிருந்து கிரெஸ்ஸிக்கு நீந்தி, அதுவும் மூழ்கியதும் ஒரு மரக்கட்டையைப் பற்றி மிதந்து, கடைசியில் டச்சுக்காரரால் காப்பாற்றப்பட்டான். ஒன்றரை மணி நேரத்திற்குள் மூன்று கப்பல்களும் அடியோடு போயின. அவற்றில் இருந்த 2,296 பேரில் 837 பேரே பிழைத்தனர். 1,459 பேர் மாண்டனர். பிளோரா, டைட்டன் என்ற டச்சு வர்த்தகக் கப்பல்கள் தமக்கு நேரக்கூடிய அபாயத்தைப் பாராமல் அங்கே வந்து மீட்புச் செய்திராவிடில் பிழைத்தோர் தொகை இன்னும் குறைந்திருக்கும். இதன் பின்னர், ஒரு கப்பல் தாக்கப்பட்டால் பிற பெரிய கப்பல்கள் உதவிக்கு நிற்கலாகாது என்று பிரிட்டிஷ் கடற்படையில் உத்தரவு பிறந்தது. அவசியமான உத்தரவுதான், ஆயினும், ஆபத்தில் இருப்பவனைக் கைகொடுத்துத் தூக்குவதே கடலோடிகளின் ஆதி தர்மமாக இருக்க, அந்தத் தர்மத்தையே தண்டனைக்கு உரியதாக்கியது நீர்மூழ்கி யுத்தம் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இந்தியாவின் கதை அன்றிரவு நிகழ்ந்தது. கார்ல் பான் மியுல்லர் என்ற கப்பற்றலைவரின் கீழ் இயங்கிய எம்டன் என்ற ஜெர்மன் குரூசர், கீழ்த்திசைக் கடற்படையிலிருந்து ஆகஸ்டு மாதத்தில் தனியே பிரிந்து, செப்டம்பர் 10-ஆம் தேதி முதல் வங்காள விரிகுடாவில் வர்த்தகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வந்தது. மூன்று புகைபோக்கிகளே உடைய அக்கப்பலில் கான்வாஸினால் நான்காவதொன்றைப் பொய்யாக நிறுத்திப் பிரிட்டிஷ் கப்பல்போலத் தோற்றமளிக்கச் செய்திருந்தார் மியுல்லர். பிடிபட்ட கப்பல்களின் மாலுமிகளை அவர் கொல்லவில்லை. அவர்களைத் திரட்டி ஒரு கப்பலில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பிவிட்டார். எதிரிகளும் மெச்சிய நடத்தை அது.

இரவு ஏறத்தாழ ஒன்பதரை மணிக்கு எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. அக்காலத்தில் உயர்நீதிமன்றக் கட்டிடத்தின் கோபுரத்திலேயே இருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போலச் சுழன்றுகொண்டிருந்தது. நகரத்து விளக்குகளும் அணைக்கப்படவில்லை. யுத்தம் தொடங்கி ஏழு வாரங்கள் கழிந்தும், அது இந்நகரத்தை நாடி வரும் என்று எவரும் கனவிலும் கருதவில்லை. தேடொளி விளக்கைப் பாய்ச்சிக் குறி பார்த்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளின்மேல் பீரங்கிப் பிரயோகம் தொடங்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. இரு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலில் சிலர் உயிர் இழந்தனர். குண்டுகளில் ஒன்று உயர்நீதிமன்ற வளாகத்தின் மதிற்சுவரைத் தகர்த்தது. அவ்விடத்தில் பிற்காலத்தில் பதிக்கப்பட்ட கல்வெட்டை இன்றும் காணலாம். கரையிலிருந்த பீரங்கிகள் விடையிறுக்கத் தொடங்கியதும் எம்டன் விளக்குகளை அணைத்துக்கொண்டு இருளில் மறைந்தது.

பொருட்சேதம் சொற்பம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் மறுநாள் முதல் சென்னைவாசிகள் ரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் ஊரைவிட்டு வெளியேறிய காட்சியே அக்குண்டுகளின் உண்மையான விளைவாகும். கடல்களை ஆளும் வல்லரசு என்று பிரிட்டனைப் பற்றி நிலவிய எண்ணத்தை, எந்தப் பிரசங்கமும் செய்ய இயலாத அளவில், ஒரே கப்பல் அரைமணி நேரத்திற்குள் ஆட்டிவிட்டது. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தே வழிகாட்டினார் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. அது நிரூபிக்கப்பட்டதன்று, யுத்தம் மூண்ட காலத்தில் அவர் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார், பின்னரே பெர்லினுக்குச் சென்றார். அயல்நாட்டிலிருந்து சுதந்திரத்துக்காக உழைத்த அம்மனிதரின் பெருமைக்கு இந்தக் கட்டுக்கதை அவசியமில்லை. எம்டன் அதன்பின் பினாங்குத் துறைமுகத்திலும் புகுந்து தாக்கி, நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளின் அருகே ஸிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலால் சிதைக்கப்பட்டுக் கரைதட்டியது.

எம்டன் பிரிந்துவந்த அந்தப் படையின் தலைவரான அட்மிரல் பான் ஸ்பீ, அதே தேதியில் ஷார்ன்ஹார்ஸ்ட், நைஸனோ என்ற தம் பெரிய கப்பல்கள் இரண்டோடு, பிரெஞ்சு வசமிருந்த டஹிட்டித் தீவின் பப்பீட்டித் துறைமுகத்தை அடைந்தார். அவர் நாடி வந்தது நிலக்கரி. கரையில் தலைமை வகித்த டெஸ்ட்ரமோ என்ற பிரெஞ்சு அதிகாரி, கைவசமிருந்த நிலக்கரிக் குவியலுக்குத் தாமே தீயிட்டார். ஜெர்மானியர் ஸெலே என்ற சிறு போர்க்கப்பல் இருந்த துறைமுகத்தைச் சுட்டுப் பொசுக்கி, நகரின் ஒரு பகுதியை எரித்துவிட்டு, நிலக்கரி கிடையாமலே திரும்பினர். மீண்டும் நிரப்ப வழியில்லாத குண்டுகளை வீணாகச் செலவழித்ததே கண்ட பயன். டிசம்பர் 8-ஆம் தேதி பாக்லாந்து தீவுகளின் அருகே அவ்விரு கப்பல்களும் ஸ்பீயோடு மூழ்கின. ஊரைக் காத்த டெஸ்ட்ரமோவோ, மேலதிகாரிகளின் அதிருப்திக்கு ஆளாகி, அடுத்த ஆண்டிலேயே காலமானார். அவர் செய்தது சரியென்பது அவர் மறைந்த பின்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது. தம் கடமையைச் செய்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய அநீதி இழைக்க முடியாது.

ஆகாய யுத்தத்தின் சரித்திரத்திலும் 1914-ஆம் ஆண்டின் இத்தேதிக்கு இடமுண்டு. பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து புறப்பட்ட நான்கு பிரிட்டிஷ் விமானங்கள் டஸல்டார்ப், கொலோன் நகரங்களிலிருந்த ஜெப்பலின் என்ற ஆகாயக் கப்பல்களின் கொட்டகைகளை நாடிச் சென்றன. மூடுபனியில் மூவர் வழிதப்பினர். ஒருவர் மட்டும் குறியை அடைந்தார். அவர் எறிந்த குண்டுகளும் பலனளிக்கவில்லை. ஜெர்மன் மண்ணின்மீது பிரிட்டன் நடத்திய விமானத் தாக்குதல்களின் ஆரம்பம் இத்தனை எளிமையானது.

இரண்டாவது மகா யுத்தத்தில் இத்தேதி முதலில் வந்தது போலந்துக்குக் கேடாக. 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-இல் ஹிட்லரின் அரசும் ஸ்டாலினின் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின் ரகசியப் பகுதியிலே போலந்தைப் பங்கிடுவதற்கான எல்லை வகுக்கப்பட்டிருந்தது. ஜெர்மானியர் பிடித்திருந்த பிரெஸ்ட் நகரம் அந்த எல்லைக்குக் கிழக்கே அமைந்ததால், செப்டம்பர் 22-ஆம் தேதி அதைச் செஞ்சேனையிடம் ஒப்படைத்தார்கள். ஜெர்மன் தளபதி குடேரியனும் சோவியத் தளபதி கிரிவோஷேனும் ஒரு சிறு மேடையில் அருகருகே நின்று அணிவகுப்பைப் பார்வையிட்டனர். இருவருக்கும் பொதுவாக இருந்த பிரெஞ்சு மொழியில் உரையாடிக்கொண்டனர். ஒரு கொடி இறங்கிற்று, மற்றொன்று ஏறிற்று. அந்நகரத்துக்கு உரியவர்களான போலந்து மக்களை எவரும் கேட்கவில்லை. 1941-ஆம் ஆண்டு ஜூனில் அதே குடேரியன் தம் டாங்கிப் படைகளோடு அதே பிரெஸ்ட்டின் அருகே நதியைக் கடந்து ரஷ்யாவுக்குள் பாய்ந்தார். 1945-இல் கிரிவோஷேன் தம் படையுடன் பெர்லின் யுத்தத்தில் பங்குகொண்டார். பிரெஸ்ட் ஒப்படைக்கப்பட்ட அதே 1939 செப்டம்பர் 22 அன்று லுவோவ் நகரமும் செஞ்சேனையிடம் சரணடைந்தது. அதிகாரிகள் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்ற வாக்குறுதியை நம்பி ஆயுதத்தை வைத்த போலிஷ் அதிகாரிகள் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவர்களில் பலர் 1940-ஆம் ஆண்டின் வசந்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜெர்மானியத் தரப்பில், பொய்க் குற்றச்சாட்டினால் 1938-இல் பிரதம சேனாதிபதிப் பதவியிலிருந்து விலக்கப்பட்ட பான் பிரிட்ஷ், வார்ஸாவுக்கு அருகே அதே செப்டம்பர் 22 அன்று போர்முனையில் மாண்டார்.

மறு ஆண்டில் இத்தேதியின் முக்கியத்துவம் ராஜதந்திரத்தைச் சார்ந்தது. பிரான்ஸ் ஜூன் மாதத்தில் தோற்றபின், சீனத்துக்கு ஹைபாங் துறைமுகத்தின் வழியாகச் செல்லும் யுத்த தளவாடங்களைத் தடுக்கும் நோக்கத்துடன் ஜப்பான் இந்தோசீனத்தை நெருக்கிற்று. ஆளுநர் டெக்கூ நாட்களைக் கடத்திப் பார்த்தார். உதவிக்கு எவரும் வராத நிலையில், 1940 செப்டம்பர் 22 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று: டோங்கின் பிரதேசத்தில் மூன்று விமானத் தளங்கள், 6,000 துருப்புகள், எக்காலத்திலும் 25,000 பேருக்கு மேற்படாத ஜப்பானியப் படை என்பன அதன் ஷரத்துக்கள். மை உலரும் முன்னரே, அன்றிரவே, சீன எல்லையிலிருந்த ஜப்பானியப் படை டோங் டாங் கணவாயில் பிரெஞ்சுக் காவற்சாவடிகளைத் தாக்கிற்று. 25-ஆம் தேதி லாங் ஸோன் வீழ்ந்தது. 26-இல் அமெரிக்கா பழைய இரும்பை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதித்தது; 27-இல் பெர்லினில் ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி ஆகியவற்றின் முக்கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறு வருஷம் ஜப்பானியர் தெற்கே ஸைகோன் வரை பரவி, அங்கிருந்த தளங்களிலிருந்து மலாயாவைத் தாக்கினர். அந்த மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கூலிக்கு உழைத்துவந்த தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் - பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். ஹனோயிலும் டோக்கியோவிலும் பேரம் பேசியோரின் மனத்தில் அத்தொழிலாளரைப் பற்றிய நினைவே இருந்திராது. சரித்திரம் எழுதுவோரும் அவர்களை வெகுகாலம் மறந்தே இருந்தனர் என்பது மன்னிக்கத்தக்கதன்று.

1943-இல் நிகழ்ந்தவற்றுள் நார்வேயின் காபியோர்டு சம்பவம் பிரசித்தமானது. 40,000 டன்னுக்கு மேற்பட்ட திர்பிட்ஸ் என்ற ஜெர்மன் யுத்தக் கப்பல் அங்கே வலைகளின் மறைவில் நங்கூரமிட்டிருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து பெரிய நீர்மூழ்கிகளால் இழுத்துவரப்பட்ட, நால்வர் மட்டுமே இருக்கக்கூடிய குள்ள நீர்மூழ்கிகள் ஆறில் மூன்றே உள்ளே புகுந்தன. காமரன் என்பவரின் படகு பெரிஸ்கோப்பில் நீர் புகுந்து பார்வையிழந்து மேலே வந்து அகப்பட்டுக்கொண்டது. பிளேஸ் என்பவருடையது வலையில் சிக்கி மீண்டது. ஆயினும் இருவரும் தலா இரண்டு டன் வெடிமருந்து கொண்ட பெட்டிகளைக் கப்பலின் அடியில் இறக்கிவிட்டார்கள். காலை 8 மணி 12 நிமிஷத்துக்கு அவை வெடித்தபோது, கைதான காமரனும் அவரது தோழர்களும் அந்தத் திர்பிட்ஸின் மேல்தளத்திலேயே நின்றுகொண்டிருந்தனர். பிரம்மாண்டமான அக்கப்பல் துள்ளி அமர்ந்தது. அதன் எந்திரங்கள் நிலை பெயர்ந்தன. ஆறு மாதங்களுக்கு மேலாக அது பயனற்றுக் கிடந்தது. உட்புகுந்த பன்னிருவரில் அறுவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். தளபதிகள் இருவருக்கும் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

அதே தினத்தில் நியூகினியின் பின்ஷ்ஹாபனுக்கு வடக்கே ஆஸ்திரேலியத் துருப்புகள் கரையிறங்கின. பெலோருஷ்யாவை ஆண்ட ஜெர்மன் அதிகாரி வில்ஹெல்ம் கூபே, மின்ஸ்க் நகரில் தம் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த யெலேனா மஸானிக் படுக்கையின் அடியில் வைத்த வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அதற்குப் பழியாக நகரவாசிகளில் ஏராளமானோரின் உயிர் பறிக்கப்பட்டது. கிரீஸின் கெபலோனியாத் தீவில், இத்தாலி நேசநாடுகளுடன் சமாதானம் செய்துகொண்ட பின் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட இத்தாலியரின் அக்வி டிவிஷன் அன்று சரணடைந்தது. ஆயுதத்தை வைத்த அவ்வீரர்களில் பல்லாயிரவர் என்று சிலரும், அதற்குக் குறைவென்று சிலரும் கணக்கிடும் அளவில் படுகொலை செய்யப்பட்டனர். தலைவர் காண்டின் இரு நாட்கள் கழித்துச் சுடப்பட்டார். சரண் புகுந்தவரைக் கொல்லாமை யுத்த தர்மங்களில் கடையெல்லை. அதையும் மீறிய அவ்வாரத்தை இத்தாலியர் இன்றளவும் மறக்கவில்லை.

1944-இல் பிரெஞ்சுக் கரையிலுள்ள புலோன் துறைமுகம் கனடியரிடம் வீழ்ந்த அதே நாளில், எஸ்தோனியாவின் தலைநகரான தாலின் செஞ்சேனையிடம் வீழ்ந்தது. ஜெர்மானியர் வெளியேறிக்கொண்டிருந்த இடைவேளையில், செப்டம்பர் 18-ஆம் தேதி ஒட்டோ தீப் என்பவரின் தலைமையில் ஒரு தேசிய அரசு அமைக்கப்பட்டு, நகரத்துக் கோட்டைக் கோபுரத்தின்மேல் எஸ்தோனியாவின் நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி ஏற்றப்பட்டது. இரு வல்லரசுகளுக்கும் இடையே, உதவி ஏதுமின்றித் தங்கள் உரிமையை உலகுக்கு அறிவித்த நான்கைந்து நாட்கள் அவை. 22-ஆம் தேதி அக்கொடி இறக்கப்பட்டது. கடற்கரையில் ஸ்வீடனுக்குப் போகும் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த மந்திரிகள் பலர் அகப்பட்டனர். தீப் கைதாகிப் பல வருஷங்கள் சோவியத் சிறைமுகாம்களில் கழித்தார். எஸ்தோனியா மீண்டும் சுதந்திரம் பெற்றபின் செப்டம்பர் 22 அந்நாட்டில் எதிர்ப்புப் போராட்ட தினமாக அனுசரிக்கப்பட்டு வருகிறது.