துண்டுச் சீட்டும் கடவுச்சொல்லும்

மலையகத் தோட்ட மக்களின் வரலாற்றை ஆராய்வோர் ‘துண்டு’ என்னும் சிறு சீட்டினை மறத்தல் இயலாது. இன்ன தொகைக் கடனைத் தீர்ப்பின் இக்கூட்டத்தாரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே அது. கங்காணி அதனை வேறொரு தோட்டத்திற் காட்டி முற்பணம் பெற்றான். கடனோ தொழிலாளர் தலைமேல் ஏறியது. எழுத்தறியாத அவர்கள், தம் பேரில் எழுதப்பட்டது யாதென அறிந்திலர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

ஆயினும், விளங்காத எழுத்தை நம்பிப் பொருளிழக்கும் இடர் ஒழிந்ததன்று. இன்று அட்டன், நுவரெலியாப் பகுதி முதியோர், தொலைவிலுள்ள பிள்ளைகளோடு உரையாடவும் வங்கிக் கணக்கை நோக்கவும் கணினியையும் கைப்பேசியையும் நாடுகின்றனர். வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதியும் அவ்வங்கிக் கணக்கிலேயே தங்குகின்றது.

கணினி நச்சுநிரலின் வரலாறு நீண்டதன்று. 1986இல் இலாகூர்ச் சகோதரர் இருவர் இயற்றிய ‘பிரெயின்’ நெகிழ்வட்டுக்களின் வழியே நாடு பல கடந்தது. அதனையொத்தவற்றைத் தடுக்கும் மென்பொருள்கள் எழுந்தன. 1990களின் தொடக்கத்திற் சென்னையிலும் கே7 நிறுவனம் இத்துறையிற் புகுந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பரவிய ‘ஐ லவ் யூ’ காதற் கடிதமாக வந்தது. பெற்றவர் தம் கையாலேயே அதனைத் திறந்தனர். பூட்டை உடையாது, வீட்டாரைக் கொண்டே கதவைத் திறப்பித்த கள்வன் அது.

காவலைத் தெரிவோர் இவ்வரலாற்றை மனங்கொள்ளல் வேண்டும். 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, நச்சுநிரற் காவல் விண்டோசினுள்ளேயே அமைந்துள்ளது. காலந்தோறும் புதுப்பிக்கப்படின் முதியோரின் எளிய தேவைக்கு அதுவே போதும். விலைகொடுத்து வாங்குவோரும் ஒன்றையே நிறுவுக. இரண்டு ஒருங்கியங்கின் ஒன்றையொன்று தடுக்கும். விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையால், பழைய கணினியைப் பெறுவோர் அதனையும் நோக்குக. ‘நச்சுநிரல் கண்டோம், இவ்வெண்ணை அழைக்க’ எனத் திரையில் திடீரெனத் தோன்றும் எச்சரிக்கை பெரும்பாலும் வஞ்சகர் வலையே.

தொலைபேசியில் வங்கியாரெனக் கூறி ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்பவனிடம் அதனைச் சொல்லிவிடின், எம்மென்பொருளும் காவாது. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும், 2006இல் தோன்றிய இலங்கை சேர்ட் நிறுவனமும் துணையாக உள்ளன. எனினும், போன பணம் மீள்வது அரிது.

துண்டை ஒழித்தது சட்டம். அதனைப் படிக்கவல்ல தலைமுறையை ஆக்கியது பள்ளிக்கூடம். அப்பள்ளியிற் கற்ற பேரப்பிள்ளைகள், திரையில் வரும் ஒவ்வோர் எழுத்தையும் தம் பாட்டன் பாட்டியர்க்குப் பொறுமையோடு படித்து விளக்குவாராக. முன்னோர்க்குச் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாம்.