ட்ராக் 01
சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரி வழக்கில் சொல்தா. பாரீஸிலிருந்து அவர் கொண்டுவந்த இளையராஜா சிடிகள் 37. போன வாரம் மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றினேன். பாட்டு வந்தது, பெயர் வரவில்லை. ட்ராக் 01, ட்ராக் 02.

“சிடி போச்சாடா?” என்றார்.

போகவில்லை. 1982இல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடியில் பாட்டுப் பெயரே கிடையாது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்தான் உண்டு, விநாடிக்கு 75 ஃப்ரேம் கணக்கில். அந்த எண்களை வைத்துப் பெயர் தேட, 1990களில் டி கானும் ஸ்டீவ் ஷெர்ஃபும் சிடிடிபி என்ற தரவுத்தளத்தை உருவாக்கினார்கள். அதை நிரப்பியது? சிடி வாங்கியவர்கள்தான், சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து. பிறகு அது கிரேஸ்நோட் என்ற கம்பெனி ஆனது; ஊர் கூடி அடித்த பெயர்களுக்கு உரிமக் கட்டணம். எனக்கு இன்னும் கோபம்தான். மாற்றாக வந்த ஃப்ரீடிபியும் 2020இல் மூடப்பட்டது.

பழைய கணினியில் இதே சிடிக்கு வந்த பெயர்கள் நினைவிருக்கு. ஆங்கில எழுத்தில் ‘ராஜா’, ஆனால் ஜே-க்கு முன்னால் ஒரு டி. உகரம் வரும் இடமெல்லாம் ஓ, யு. நம்ம ஊர் பிரெஞ்சு ஸ்பெல்லிங்! மெட்ராஸ்காரர் அப்படி எழுதமாட்டார். பிரான்சில் எங்கேயோ ஒரு புதுச்சேரிக்காரர் உட்கார்ந்து அடித்திருக்கிறார்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். இப்போது மியூசிக்பிரைன்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தமிழ் எழுத்திலும் சேர்க்கிறேன். அந்த டி-யைத் திருத்தவில்லை. இதுவரை நான்கு சிடி.